கதவுக்குள் ஒட்டிய தார்

விஸ்வலிங்கம் பல்கலைக்கழகப் படிப்பை இரண்டாம் ஆண்டோடு விட்டவன். அவனுடைய அப்பா அதை வெளியில் சொல்லவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், மகன் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் எஞ்சினியர் என்றே சொல்லி வந்தார். பினாங்கில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் ஒன்றையொன்று நன்றாக அறிந்தவை. ஒரு வீட்டில் சொன்ன பொய்யை மற்ற வீடுகள் சேர்ந்து காப்பாற்றும். உண்மையில் அவன் அங்கே இரவு ஷிப்டில் ஒரு மெஷினுக்கு எதிரே உட்கார்ந்து, சிவப்பு விளக்கு எரிந்தால் பொத்தானை அமுக்குகிறவன். ஆறு வருடமாக அதுதான் வேலை.

பகலில் தூங்கி எழுந்த பிறகு கார்களை நோண்டுவான். குறிப்பாகக் கதவுகளை. காருக்குள் நல்ல பாட்டு கேட்கவேண்டுமென்றால் எல்லாரும் பெரிய ஸ்பீக்கர் வாங்கி மாட்டினார்கள். கதவு வெறும் தகர டப்பா, அதில் எந்த ஸ்பீக்கரை மாட்டினாலும் டப்பாதான் பாடும் என்பது விஸ்வாவின் கட்சி. தகரத்தின் உட்புறத்தில் கனமான ஷீட் ஒட்டி அதன் நடுக்கத்தை அடக்கவேண்டும். அப்போது பாட்டும் தெளியும், ரோட்டுச் சத்தமும் பாதியாகக் குறையும். இதை அவன் கெலுகோரிலிருந்த தன் வாடகை வீட்டின் கார் நிறுத்தும் கொட்டகையில், தன்னுடைய பழைய காரிலேயே செய்து பார்த்திருந்தான்.

அந்த விஷயம் கனகேஸ்வரி ஆன்ட்டியின் காதுக்குப் போனது.

கனகேஸ்வரி அவனுடைய அம்மாவின் சிநேகிதி, பர்மா ரோட்டுப் பக்கம் வீடு. கணவர் விநாசித்தம்பி இறந்து நான்கு வருடம். அவர் விட்டுப்போன பழைய மெர்சிடிஸில்தான் மகள் ஞானாம்பிகை மணப்பெண்ணாகக் கோயிலுக்குப் போகவேண்டும் என்பது ஆன்ட்டியின் பிடிவாதம். ஆனால் நிச்சயம் பேச வந்த மாப்பிள்ளை வீட்டாரை அந்தக் காரில் பினாங்குப் பாலத்தைக் காட்ட அழைத்துப் போனபோது, சம்பந்தியம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "என்ன இது, லொறியே?" என்று சிரித்துவிட்டார். கோலாலம்பூர் டாக்டர் குடும்பம். அந்தச் சிரிப்பு ஆன்ட்டிக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தி நின்றது.

"தம்பி, நீர் எஞ்சினியர். இந்தக் கதவுகள் கத்தாமல் ஒரு வழி செய்து தாரும். கலியாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் கிடக்கு" என்றார்.

"செய்யலாம் ஆன்ட்டி. பாட்டும் நல்லாய்க் கேட்கும்."

எஞ்சினியர் இல்லை என்று அவன் அப்போது சொல்லவில்லை. சொன்னால் காரைத் தரமாட்டார்.

காரைக் கொண்டுவந்து விட்டவர் சின்னையா. விஸ்வா கார் வாங்குவதற்கு முன் இரண்டு வருடம் அவருடைய பஸ்ஸில்தான் வேலைக்குப் போய்வந்தான். நிபோங் திபாலில் இருந்து இரவு ஷிப்ட் பெண்களை ஏற்றிக்கொண்டு, பாலத்தைத் தாண்டி, கெலுகோர் வழியாகப் பாயான் லெப்பாஸ் போகும் பஸ் அது. கல்யாணத்துக்கு ஓட்ட ஒரு நல்ல டிரைவர் வேண்டும் என்று ஆன்ட்டி கேட்டபோது விஸ்வாதான் சின்னையாவைச் சொல்லியிருந்தான். ஆன்ட்டிக்கு அவரைப் பிடித்துப்போனது. கல்யாணம் முடிந்ததும் வீட்டு டிரைவராகவே வந்துவிடு என்று சொல்லிவிட்டார்.

"பதினாலு வருஷம் தம்பி. பதினாலு வருஷமா ராத்திரியில நான் பாயில படுத்ததில்ல" என்றார் சின்னையா, கொட்டகையில் குந்தி உட்கார்ந்துகொண்டு. "இனிமே பகல் வேலை. பஸ்ல எல்லாப் பொண்ணுங்ககிட்டயும் சொல்லிட்டேன். ஒருத்தி அழுதுட்டா லா."

"ஏண்ணே?"

"புது டிரைவர் பாட்டு போட மாட்டானாம்."

விஸ்வா கைப்பிடியின் ஸ்க்ரூவைக் கழற்றி, கதவின் உள்பலகையை நெம்பி எடுத்தான். அதற்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தான். உள்ளே முப்பது வருடத் தூசி. தின்னர் நனைத்த துணியால் தகரத்தைத் துடைத்தான்.

இதற்கென்றே செய்யப்பட்ட ஷீட் சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும். மூன்று வாரம் ஆகும். அவன் தன் காருக்குப் போட்டது, ஒழுகும் கூரைக்கு ஒட்டுவதற்காக இரும்புச் சாமான் கடையில் சுருளாக விற்கும் தார் ஷீட். ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் தார். ஆறு மாதமாக அவன் கதவில் அது இம்மியும் அசையவில்லை. ஆன்ட்டியிடம் அவன் வெளிநாட்டுச் சாமான் என்று சொல்லியிருந்தான். கூரை ஷீட் என்று சொன்னால் எஞ்சினியர் மாதிரி இருக்காது.

ஷீட்டை வெட்டி, முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டி, சப்பாத்திக் கட்டையால் உருட்டி அழுத்தினான். மழைத் தண்ணீர் வடிவதற்குக் கதவின் அடியில் இருக்கும் துளைகளை மட்டும் அடைக்காமல் விட்டான். தெரியாதவன் அதையும் சேர்த்து மூடிவிடுவான், கதவு உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்துவிடும். விஸ்வா தெரிந்தவன்.

முடித்ததும் சின்னையா எழுந்து வந்து கதவை விரலால் தட்டினார். முதலில் ஒட்டாத பக்கம்: டங். பிறகு ஒட்டிய பக்கம்: தொப்.

"அட!" என்றார். மறுபடி தட்டினார். "பூசணிக்காயத் தட்டுற மாதிரி இருக்கு. தம்பி, நீங்க பெரிய ஆளு லா."

விஸ்வாவுக்கு அன்று நன்றாகத் தூக்கம் வந்தது.

கல்யாணம் கோயில் மண்டபத்தில். ஏப்ரல் மாத வெயில். காலை ஒன்பது மணிக்குப் பெண்ணைக் கொண்டுவந்து இறக்கியபோது கார் வெண்ணெய் போல வந்தது. நான்கு ஸ்பீக்கரிலும் நாதஸ்வரம் மெதுவாக ஒலித்தது. சம்பந்தியம்மா காருக்குள் எட்டிப் பார்த்து, "வேற காரே எடுத்தனீங்கள்?" என்று கேட்டார். கனகேஸ்வரி ஆன்ட்டி கூட்டத்தில் விஸ்வாவைத் தேடிப்பிடித்துக் கையைப் பற்றி அழுத்தினார்.

அதன்பின் கார் வாசலிலேயே நின்றது. அலங்கரித்த கார் எல்லார் கண்ணிலும் படவேண்டும், வேறெங்கும் கொண்டுபோய் நிறுத்தாதே என்பது ஆன்ட்டியின் உத்தரவு. சின்னையா ஒருமுறை நிழல் கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. நாலரை மணி நேரம் அது கண்ணாடிகள் மூடி வெயிலில் நின்றது.

ஒன்றரை மணிக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் ஏறினார்கள். ஞானாம்பிகை இப்போது கூறை உடுத்தியிருந்தாள். தாலிக்கு முன் மாப்பிள்ளை வீட்டார் தட்டில் வைத்துக் கொடுத்து, பெண் உடுத்தி வருவது. யாழ்ப்பாணத்தாரிடம் அந்தச் சேலைக்கு ஒரு கணக்கு உண்டு. அதைப் பெண் வெளியே விடமாட்டாள். சாகும்வரை பெட்டியில் வைத்திருப்பாள், நல்ல காரியங்களுக்கு மட்டும் எடுத்து உடுப்பாள்.

விஸ்வா வேறு காரில் முன்னாலேயே வந்து பர்மா ரோட்டு வீட்டு வாசலில் நின்றிருந்தான். மெர்சிடிஸ் வந்து நின்றது. ஆரத்தித் தட்டோடு இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். சின்னையா ஓடிவந்து பின்கதவைத் திறந்தார். ஞானாம்பிகை இறங்கினாள்.

முதலில் பார்த்தது சம்பந்தியம்மா. "ஐயோ, கூறையில கறுப்பு" என்றார்.

முழங்காலுக்குக் கீழே, சரிகைக் கரையோடு சேர்த்து, கையகலத்துக்குக் கறுப்பு. ஈரமான, பளபளக்கிற கறுப்பு. ஞானாம்பிகை குனிந்து தொட்டாள். மருதாணிக் கையிலும் ஒட்டியது. ஆரத்தி எடுக்க வந்தவள் தட்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

"தார்" என்றார் ஒரு பெரியவர். "கோயிலுக்கு முன்னால ரோட்டுக்குப் புதுசாய்த் தார் போட்டிருக்கிறாங்கள்."

உடனே எல்லாக் கண்ணும் சின்னையாவின் காலுக்குப் போயின. அவரும் ஒரு காலைத் தூக்கி அடியைப் பார்த்தார். செருப்பின் அடியில் தார் இருந்தது. தண்ணீர் குடிக்க ரோட்டைக் கடந்து எதிர்க்கடைக்குப் போய் வந்திருந்தார்.

"செருப்போட தாரை மிதிச்சுப்போட்டு, அந்தக் காலோட காருக்குள்ள ஏறினனியோ?" கனகேஸ்வரி ஆன்ட்டியின் குரல் தெருவுக்கே கேட்டது. "பின்சீட்டில படுத்தனியோ? சொல்லு! மாட்டுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?"

"இல்லம்மா, நான் பின்னால... பூ சரிபண்ண மட்டுந்தான் கதவத் தொறந்தேன். மிதிச்சிருப்பனோ என்னமோ. மன்னிச்சுக்குங்கம்மா." நாற்பத்தைந்து வயது மனிதர் இரண்டு கையையும் கூப்பினார்.

விஸ்வா கதவைப் பார்த்தான். திறந்து கிடந்த கதவின் அடியில், அவன் அடைக்காமல் விட்ட துளைகளிலிருந்து, கறுப்பாக மூன்று சொட்டுகள் நீண்டு தொங்கிக்கொண்டிருந்தன. கீழே காரின் படியில் ஒரு கோடாக வழிந்து கிடந்தது. பெண்ணின் சேலை இழைந்து வந்தது அந்தக் கோட்டின்மேல்தான்.

ஆறு மாதம் சோதித்த தன் கார் அந்த நொடியில் அவன் கண்முன் வந்தது. அது ராத்திரியெல்லாம் ஃபேக்டரி வாசலில் பனியில் நின்றது. பகலெல்லாம், அவன் தூங்கும்போது, கொட்டகை நிழலில் நின்றது. இரவு ஷிப்ட்காரனின் கார். ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட அது உச்சி வெயிலைப் பார்த்ததில்லை. தார் எத்தனை டிகிரியில் இளகும் என்று இரண்டாம் ஆண்டில் பாடம் இருந்தது. அந்த வகுப்புக்கு அவன் போனதுகூட நினைவிருந்தது.

வாய் திறக்க அவனுக்கு நேரம் இருந்தது. நிறையவே இருந்தது. ஆன்ட்டி சின்னையாவைத் திட்டி முடிக்க நெடுநேரம் ஆயிற்று. அவன் செய்ததோ வேறு. காருக்குப் பக்கத்தில் போய்க் குந்தினான், கைக்குட்டையை எடுத்தான், கதவின் அடியைத் துடைத்தான், படியைத் துடைத்தான். ஒரு சொட்டு விடாமல் துடைத்துவிட்டுக் கைக்குட்டையைச் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். தொடையில் சூடாக ஒட்டியது.

அன்றே சின்னையாவை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். இனி இந்தப் பக்கம் வராதே என்று ஆன்ட்டி சொன்னது விஸ்வாவுக்குக் கேட்டது. சாப்பிடச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை.

நான்காம் நாள் பிற்பகல் விஸ்வா பர்மா ரோட்டுக்குப் போனான். கதவுகளை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று சொல்லி, நான்கையும் கழற்றி, இளகிச் சரிந்து கிடந்த ஷீட்டுகளைச் சுரண்டி எடுத்து ஒரு சாக்கில் கட்டினான். இரண்டு மணி நேர வேலை. கைகழுவிவிட்டு உள்ளே போய், ஆன்ட்டியின் முன்னால் நின்று சொன்னான். கூரை ஷீட் என்பதைச் சொன்னான். கைக்குட்டையைச் சொன்னான். எஞ்சினியர் இல்லை என்பதையும் சொன்னான்.

கனகேஸ்வரி எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினார்.

"சத்தமாய்க் கதையாதையும்" என்றார். "எஞ்சினியர் இல்லையெண்டு எனக்குத் தெரியும். உம்மட கொம்மா எப்பவோ அழுது சொல்லிப்போட்டா."

அவனுக்குக் காது சுட்டது.

"மற்றதைக் கேளும். சம்பந்திக்கு டிரைவரின்ட பிழையெண்டு சொல்லியாச்சு. அவையளும் சரியெண்டு விட்டிட்டினம். இப்ப போய், இல்லை, நாங்கள்தான் காருக்குள்ள கூரைத் தாரை ஒட்டி வச்சனாங்கள் எண்டு சொல்லவோ? லொறி எண்டு சிரிச்ச மனிசி. என்ர பிள்ளை அந்த வீட்டில வாழவேணும்."

"சின்னையா அண்ணையை வேலைக்கு..."

"அந்த மனுசனைத் திரும்பக் கூப்பிட்டால் ஏன் எண்டு கேப்பினம். விடும் தம்பி. நீர் எங்கட பிள்ளை. டிரைவர் ஆக்களுக்கு இது ரெண்டு நாளில மறந்து போகும்." உள்ளே போய்க் கல்யாணப் பலகாரங்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தார். "இதைக் கொண்டுபோய் அந்தாளின்ட வீட்டில குடும்."

வாசலுக்கு வந்து செருப்பை மாட்டும்போது விஸ்வாவின் நெஞ்சு இலேசாக இருந்தது. தப்பித்துவிட்டோம் என்ற இலேசு. தெருமுனை வரை அந்தச் சுகத்தோடு நடந்தான். பிறகு அது என்ன சுகம் என்று அவனுக்கே தெரிந்தது. சாராயக் கடையிலிருந்து வெளியே வருகிறவனைப் போல இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு காரில் ஏறினான்.

மறுநாள் மத்தியானம் தூங்காமல் பாலத்தைத் தாண்டி நிபோங் திபாலுக்குப் போனான். சின்னையா முகம் கழுவிவிட்டுத் துண்டோடு வெளியே வந்தார்.

"வாங்க தம்பி! ருக்கு, யாரு வந்திருக்கா பாரு."

அவருடைய மனைவி ருக்குமணி பையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவன் வாங்கி வந்தது என்று நினைத்து, தட்டில் இரண்டு முறுக்கும் ஒரு பயத்தம்பணியாரமும் எடுத்து அவனுக்கே முதலில் வைத்தாள்.

"இவரு சொன்னாரு தம்பி" என்றாள். "அத்தனை பேரு நின்னு வேடிக்கை பாத்தாங்களாம். நீங்க ஒருத்தர்தான் குனிஞ்சு தொடச்சீங்களாம். நல்லா இருக்கணும்."

"நான் மேல மேல திட்டு வாங்கக்கூடாதுன்னு தொடச்சாரு" என்றார் சின்னையா. "எனக்குத் தெரியும் லா. படிச்ச புள்ள, வெள்ளைச் சட்டையோட மண்ணுல உக்காந்து."

விஸ்வா தட்டைக் கீழே வைத்தான். சுற்றி வளைக்காமல் சொன்னான். சொல்ல நான்கு வாக்கியம்தான் ஆயிற்று.

ருக்குமணி உள்ளே போய்விட்டாள். சின்னையா துண்டால் முகத்தை மறுபடி துடைத்தார், ஈரம் இல்லாத முகத்தை.

"எப்பத் தெரியும் ஒங்களுக்கு?"

"அன்னைக்கே. தொடைக்கும்போதே தெரியும்."

"செருப்பத் தூக்கிப் போட்டுட்டேன்" என்றார் அவர். "புதுச் செருப்பு. அந்தம்மா சொன்னாங்களே மாடுன்னு, அது சரிதான்னு நெனச்சேன். அஞ்சு நாளா நெனச்சுக்கிட்டு இருக்கேன். எங்க மிதிச்சோம், எப்ப மிதிச்சோம்னு."

"அண்ணே, ஆன்ட்டிகிட்ட சொன்னேன். அவங்க..."

"அந்த வேலை கெடக்கட்டும். போச்சு. மறுபடி பஸ்ஸுக்கே வந்துட்டேன்." சின்னையா அவனை நேராகப் பார்த்தார். "லெட்சுமி இருக்காளே, நம்ம பஸ்ல. அவ அக்கா அந்தக் கல்யாண வீட்டுல பாத்திரம் கழுவுனவ. தெனமும் ஏறுறப்ப கேக்குறாளுங்க. தார் அண்ணே, தார் அண்ணேன்னு. இந்தச் சின்னப் பொண்ணுங்க முன்னாடி நான் பதினாலு வருஷமா மரியாதையா ஓட்டுனவன். நாளைக்கு பஸ்ல ஏறுங்க. இங்க என்கிட்டச் சொன்னத அங்க சொல்லுங்க."

"பஸ்ஸுலயா?"

"வேற எங்க?"

ருக்குமணி பையை வெளியே கொண்டுவந்து, தட்டிலிருந்ததையும் அதில் போட்டு அவன் பக்கத்தில் வைத்தாள். அவன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

மறுநாள் ஆறேகாலுக்கு, வெயில் இன்னும் தாழாதபோது, கெலுகோர் நிறுத்தத்தில் பஸ் நின்றது. விஸ்வா ஏறினான். முப்பது பெண்களாவது இருப்பார்கள். இரண்டொரு முகம்தான் தெரிந்தது. முன்சீட்டில் சூலியா தெருக்காரி சலேஹா. கட்டிக்கொடுத்தது நிபோங் திபாலில், அவனுக்கு இரண்டு மெஷின் தள்ளி வேலை. அவளுக்குப் பின்னால் லெட்சுமி.

"என்னா விஸ்வா, கெரேத்தா ரோசாக்கா?" என்றாள் சலேஹா. காருக்குக் கோளாறா என்று.

"அவரு காரத் தார்ல விட்டுட்டாரு போல" என்றாள் லெட்சுமி. நான்கைந்து பேர் சிரித்தார்கள். "தார் அண்ணே, ஒங்க செருப்ப எங்க வச்சிருக்கீங்க? எங்க யூனிபார்முல ஒட்டிக்கும் லா."

சின்னையா திரும்பவில்லை. கியரைப் போட்டார்.

விஸ்வா கம்பியைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தான். பஸ்ஸின் இரைச்சலில் அவனுக்கே கேட்கவில்லை. கண்ணாடிகள் அதிர்ந்தன, தரைத்தகடு அதிர்ந்தது, பாட்டு வேறு ஓடிக்கொண்டிருந்தது. சின்னையா கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினார். வண்டியை நிறுத்தவில்லை. வேகத்தையும் குறைக்கவில்லை.

"கேக்கல!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தீங்களா?"

கத்தவேண்டியிருந்தது. தொண்டை கிழியக் கத்தினான். "அந்தக் கல்யாணத்துச் சேலையில பட்டது அண்ணன் செருப்புத் தார் இல்ல! கார் கதவுக்குள்ள நான் ஒட்டுன தார்! வெயில்ல எளகி வழிஞ்சது! தப்பு என்னுது!"

சிரிப்பு நின்றது. பின்வரிசை வரை கேட்காதவர்களுக்குக் கேட்டவர்கள் சொன்னார்கள். அது சீட்டுச் சீட்டாகப் பின்னால் போவதை அவன் நின்று பார்த்தான்.

"அப்ப அண்ணன அவங்க திட்டுனப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள் லெட்சுமி. இப்போது அவள் குரலில் விளையாட்டு இல்லை.

"அங்கதான்."

"ஒங்களுக்குத் தெரியாதா அப்ப?"

"தெரியும்!"

இதையும் கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது.

"ச்சீ" என்றாள் லெட்சுமி. தலையைத் திருப்பிக்கொண்டாள். சலேஹா தன் கைப்பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்துச் சீட்டில் வைத்தாள்.

சிறிது நேரம் கழித்து லெட்சுமி முன்பக்கம் குனிந்து, "அண்ணே" என்றாள். வெறும் அண்ணே. "பாட்டுப் போடுங்கண்ணே."

சின்னையா போட்டார். மேலே இருந்த கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்த்தார். பார்த்தது பெண்களை.

பின்னால் மூன்று சீட் காலியாக இருந்தன. பாயான் லெப்பாஸ் வரும்வரை விஸ்வா நின்றுகொண்டே போனான்.